நாணய வர்த்தகத்தில் ஒருவரின் லாபம் இன்னொருவரின் நஷ்டமா?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது. அவருடைய அண்ணன் மகன் கோயம்புத்தூரில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, கைபேசிச் செயலி ஒன்றின் வழியாக யூரோ-டாலர் வர்த்தகம் செய்கிறார். நாணயச் சந்தைதான் உலகிலேயே பெரிய சந்தை, அதில் எல்லாரும் சம்பாதிக்க இடமிருக்கிறது என்பது அந்த இளைஞரின் வாதம். கேட்டவரின் நண்பரோ, இது பூஜ்ஜியக் கூட்டுத்தொகை ஆட்டம், ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றே தீர வேண்டும், ஆகவே இது சூதாட்டம்தான் என்று அடித்துச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

உங்கள் நண்பரின் கணக்கு சரி. அந்தக் கணக்கிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியில்லை. உங்கள் அண்ணன் மகனின் கணக்கே தவறு. ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன், திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஆலோசனை சொல்லி வருபவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால் இரண்டு பக்கமும் தவறான இடத்தில்தான் போய் நிற்கும்.

முதலில் நண்பரின் கணக்கு. தேசியப் பங்குச் சந்தையில் 2008 ஆகஸ்ட் 29 அன்று டாலர்-ரூபாய் ஃப்யூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கான வாங்கல்-விற்றலுக்கு இன்றே விலை பேசிச் சந்தையில் போடும் ஒப்பந்தம்) தொடங்கப்பட்டது. ஒரு லாட் என்பது 1,000 டாலர். 84 ரூபாய்க்கு நான் ஒரு லாட் வாங்குகிறேன் என்றால், அதே 84 ரூபாய்க்கு யாரோ ஒருவர் விற்றிருக்கிறார். விற்பவர் இல்லாமல் அந்த ஒப்பந்தமே பிறக்காது. விலை 85 ஆனால் என் கணக்கில் 1,000 ரூபாய் ஏறும், அவர் கணக்கிலிருந்து 1,000 ரூபாய் இறங்கும். ஒவ்வொரு நாள் மாலையும் சந்தையின் தீர்வகம் இந்தப் பணத்தை ஒரு கணக்கிலிருந்து எடுத்து இன்னொரு கணக்கில் போடுகிறது. நடுவில் ஒரு ரூபாய்கூட புதிதாக உருவாவதில்லை. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்), ஃப்யூச்சர்ஸ் போலவே ஆனால் வங்கியுடன் நேரடியாகப் போடும் ஃபார்வர்டு என எந்த ஒப்பந்தத்தை எடுத்தாலும், விலையை வைத்து மட்டும் பார்த்தால் கூட்டுத்தொகை பூஜ்ஜியம்தான். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

பங்குகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஒரு நிறுவனம் பொருள் செய்கிறது, விற்கிறது, லாபம் ஈட்டுகிறது, ஈவுத்தொகை தருகிறது. அந்தப் பங்கை வைத்திருக்கும் அத்தனை பேரும் இருபது ஆண்டுகளில் சேர்ந்தே செல்வந்தர்களாகலாம். யாரும் தோற்க வேண்டிய அவசியம் இல்லை. யூரோ-டாலர் என்பது ஒரு விகிதம் மட்டுமே. யூரோ ஏறியது என்றால் டாலர் இறங்கியது என்று பொருள். இரண்டும் ஒருசேர ஏற வழியே இல்லை.

அப்படியானால் நண்பர் சொன்னபடி சூதாட்டம்தானே என்று கேட்பீர்கள். இங்கேதான் அவர் வழுக்குகிறார்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் டாலருக்கு ஆர்டர் வாங்கியிருக்கிறார். பணம் வர மூன்று மாதம் ஆகும். இன்றைய விலை 85 ரூபாய். நூல் விலை, சாயப்பட்டறைக் கூலி, தையல் கூலி எல்லாவற்றையும் ரூபாயில்தான் கொடுக்கிறார். அந்தத் தொழிலில் மிச்சம் மிகக் குறைவு. டாலர் 82-க்கு இறங்கிவிட்டால் ஆர்டரின் லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே வங்கியில் மூன்று மாத ஃபார்வர்டு போட்டு 85.40-க்கு டாலரை இன்றே விற்றுவிடுகிறார். அதே வாரத்தில் கோயம்புத்தூரில் ஒருவர் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் இறக்குமதி செய்ய ஆர்டர் கொடுத்திருக்கிறார், விலை டாலரில். மூன்று மாதத்தில் அவருக்கு டாலர் வேண்டும். விலை ஏறிவிடுமோ என்ற பயம் அவருக்கு. அவரும் ஏறக்குறைய அதே விலையில் வாங்கிவைக்கிறார். வங்கி நடுவில் சில பைசாக்களை எடுத்துக்கொள்கிறது.

மூன்று மாதம் கழித்து டாலர் 87. பனியன்காரர் ஒரு டாலருக்கு 1.60 ரூபாய் வீதம் 1,60,000 ரூபாயை "இழந்தார்". இயந்திரம் வாங்கியவர் அதே தொகையைப் "பெற்றார்". கூட்டினால் பூஜ்ஜியம். ஆனால் பனியன்காரரிடம் போய் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். கணக்குப் போட்டு, விலை உறுதி செய்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் ஆர்டரை முடித்தவர் அவர். டாலர் 82-க்குப் போயிருந்தால் அவருடைய கடனும் கூலிப் பாக்கியும் என்னவாகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இருவரும் தாங்க முடியாத ஒரு பயத்தை ஒரே ஒப்பந்தத்தில் இறக்கி வைத்தார்கள். ஒருவருக்கு விலை இறங்கும் என்ற பயம், இன்னொருவருக்கு ஏறும் என்ற பயம். ஒன்று மற்றொன்றைத் தீர்த்தது. அந்த 1,60,000 ரூபாயைத் தவிர வேறெதையும் பார்க்காத கணக்கு இந்த நன்மையைப் பார்க்காது.

வங்கியில் இருந்த காலத்தில் எனக்குப் பெரிய வருத்தம் தந்த ஒன்று உண்டு. ஃபார்வர்டு போட்டு "நஷ்டப்பட்ட" ஏற்றுமதியாளர்கள் அடுத்த முறை போடாமல் விட்டுவிடுவார்கள். சந்தை அவர்களைத் தோற்கடித்துவிட்டதாக நினைப்பார்கள். தொழிலுக்கான காப்பை ஆட்டமாகப் பார்த்ததால் வந்த வினை அது.

இந்த வேறுபாடு நீதிமன்றம் வரை போனது. 2007-ஐ ஒட்டி ரூபாய் வலுவடைந்துகொண்டே இருந்த காலத்தில், ஏற்றுமதி நிறுவனங்கள் பலவற்றுக்கு வங்கிகள் சிக்கலான நாணய ஒப்பந்தங்களை விற்றன. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் பலர் வாங்கினார்கள். விற்பனை டாலரில், செலவு ரூபாயில் இருக்கும் ஒருவருக்கு சுவிஸ் ஃபிராங்க் எங்கே போகும் என்பதைப் பொறுத்துப் பணம் வரும் அல்லது போகும் என்ற ஒப்பந்தம் எதற்கு? 2008-ல் டாலருக்கு எதிராக ஃபிராங்க் கடுமையாக ஏறியபோது பலருக்குப் பெரும் நஷ்டம். கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 30-ஆவது பிரிவின்படி பந்தயம் செல்லாது, இந்த ஒப்பந்தம் பந்தயமே, ஆகவே இதுவும் செல்லாது என்பது அந்த நிறுவனத்தின் வாதங்களில் ஒன்று. 2008 அக்டோபரில் வந்த தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை.

பந்தயம் எது என்பதற்குச் சட்டம் நெடுங்காலமாக வைத்திருக்கும் அளவுகோலைக் கவனியுங்கள். ஒருவர் ஜெயிக்க வேண்டும், மற்றவர் தோற்க வேண்டும் என்பது அதில் பாதிதான். பந்தயப் பணத்தைத் தவிர இருவருக்கும் அந்த விஷயத்தில் வேறு எந்த நாட்டமும் இருக்கக் கூடாது என்பது மறுபாதி. உங்கள் நண்பர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். உங்கள் அண்ணன் மகனின் நிலையை எடைபோட வேண்டியது இரண்டாவது பாதியைக் கொண்டுதான். யூரோவில் அவருக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை, டாலரில் கட்டவேண்டிய கடனும் இல்லை.

வங்கிகள் அந்த விவகாரத்தில் குற்றமற்றவை என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளருக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் இவற்றை விற்றது உள்ளிட்ட விதிமீறல்களுக்காக 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. அபராதம் வங்கிக்குச் சில லட்சங்கள்தான். அந்த ஊர்களில் மூடப்பட்ட தொழிற்கூடங்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அடுத்து, இந்தச் சந்தையில் தோற்பவர்கள் எல்லாரும் ஜெயிக்க வந்தவர்கள் அல்லர். இதைப் புரிந்துகொண்டால்தான், பூஜ்ஜியக் கூட்டுத்தொகை என்றால் சிலர் மட்டும் ஆண்டுக்கணக்கில் லாபம் பார்ப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

1992 செப்டம்பர் 16. ஐரோப்பிய நாணய ஏற்பாட்டின்படி பவுண்டு 2.778 ஜெர்மன் மார்க்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை பிரிட்டனுக்கு இருந்தது. அது தாக்குப்பிடிக்காது என்று கணித்து அமெரிக்க ஊக வணிகர் ஜார்ஜ் சோரோஸின் முதலீட்டு நிதியும் இன்னும் பலரும் பவுண்டை விற்றுத் தள்ளினார்கள். பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி வாங்கிக்கொண்டே இருந்தது. வட்டி விகிதத்தை ஒரே நாளில் 10-லிருந்து 12-ஆக உயர்த்தி, 15 ஆக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. அன்று மாலையே பிரிட்டன் அந்த ஏற்பாட்டிலிருந்து வெளியேறியது. சோரோஸ் தரப்புக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் லாபம். பிரிட்டன் கருவூலம் பிற்காலத்தில் வெளியிட்ட ஆவணங்களின்படி அரசுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 330 கோடி பவுண்டு.

நண்பருடைய கணக்கின்படி பார்த்தால் இது அப்பட்டமான பூஜ்ஜியக் கூட்டுத்தொகை. அரசு இழந்ததைத்தான் சோரோஸ் போன்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அரசு அங்கே லாபத்துக்காக நிற்கவில்லை. ஒரு கொள்கையைக் காப்பாற்ற நின்றது. நஷ்டம் என்று தெரிந்தும் வாங்கியது. இப்படி லாபத்தைக் குறிக்கோளாகக் கொள்ளாத ஒரு பெரிய கை எதிர்ப்பக்கம் இருக்கும்போது, ஊக வணிகர்கள் எல்லாரும் ஒருசேர லாபம் பார்ப்பது சாத்தியம். கதை அதோடு முடியவும் இல்லை. அந்தக் கடமையிலிருந்து விடுபட்ட பிரிட்டனில் 10 சதவீதமாக இருந்த வட்டி 1993 ஜனவரிக்குள் 6 சதவீதத்துக்கு இறங்கியது. வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எண்ணிப் பாருங்கள். 330 கோடி பவுண்டு இழந்த நாடு அந்த இழப்பினால் மெலிந்ததா, மீண்டதா என்பதை வர்த்தகப் பேரேடு சொல்லாது.

தாய்லாந்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1997-ல் தன் நாணயமான பாத்தின் மதிப்பைக் காக்க அந்நாட்டு மத்திய வங்கி ஃபார்வர்டு ஒப்பந்தங்களாகவே 2,300 கோடி டாலருக்கு மேல் பொறுப்பேற்றுக்கொண்டது. ஜூலை 2 அன்று கைவிட்டது. அதன்பின் வந்த வேலையிழப்பையும் மூடப்பட்ட நிதி நிறுவனங்களையும் கணக்கில் சேர்த்தால் கூட்டுத்தொகை பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே போய்விடும்.

மத்திய வங்கிகள் எப்போதும் தோற்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். 2024-25 நிதியாண்டுக்கு ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு வழங்கிய உபரி சுமார் 2.69 லட்சம் கோடி ரூபாய். அந்த ஆண்டு அதன் வருமானத்தில் ஒரு லட்சம் கோடிக்கு மேல் டாலர் விற்பனையில் வந்த லாபம். பல ஆண்டுகளுக்கு முன்பு குறைந்த விலையில் வாங்கிச் சேர்த்த டாலர்களை 84, 85, 86 ரூபாய்க்கு விற்றதால் கிடைத்தது. இதில் தோற்றவர் யார்? 2017-ல் சுமார் 65 ரூபாய்க்கு டாலரைக் கொடுத்த ஏற்றுமதியாளரா? அவர் அந்த ரூபாயைக் கூலியாகக் கொடுத்து, நூல் வாங்கி, அடுத்த ஆர்டரை எடுத்துத் தொழிலை வளர்த்திருப்பார். தாம் எதிலும் தோற்றதாக அவருக்கு நினைவே இருக்காது. ஃப்யூச்சர்ஸில் தோற்றவரின் பெயரைத் தீர்வகம் சொல்லிவிடும். நேரடியாக நாணயத்தைக் கைமாற்றும் உடனடிச் சந்தையில் தோற்றவரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டார். அவர் தேவைக்கு மாற்றினார், போய்விட்டார்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பொருளாதார வகுப்பறைக்கு வெளியே இதை யாரும் பேசுவதில்லை என்பதால் ஒரு பத்தி ஒதுக்குகிறேன். டாலர் இன்று 80 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் அது 100-க்குப் போகவும் 64-க்கு இறங்கவும் சம வாய்ப்பு. சென்னையில் ஒருவர் ஒரு டாலர் வாங்கி வைக்கிறார். அவருடைய சராசரி எதிர்பார்ப்பு 82 ரூபாய், அதாவது 2.5 சதவீத லாபம். அந்த டாலரை அவருக்கு விற்றவர் நியூயார்க்கில் இருக்கிறார், கையில் 80 ரூபாய். டாலர் 100 ஆனால் அவருடைய 80 ரூபாயின் மதிப்பு 0.80 டாலர். 64 ஆனால் 1.25 டாலர். சராசரி 1.025 டாலர். அவருக்கும் அதே 2.5 சதவீத லாபம்! அவரவர் நாட்டுப் பணத்தில் அளந்தால் இருவருமே சராசரியில் லாபத்தை எதிர்பார்க்கலாம். ஜெரமி சீகல் என்ற பொருளியலாளர் 1972-ல் எழுதியதால் இதைச் சீகல் முரண் என்பார்கள். கண்கட்டு வித்தை எதுவும் இதில் இல்லை. எந்த அளவுகோலில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கூட்டுத்தொகை என்பதற்கு இது நல்ல சான்று. இருந்தாலும் உங்கள் அண்ணன் மகனுக்கு இது உதவாது. அவருடைய கணக்கும் எதிர்ப்பக்கக் கணக்கும் ஒரே டாலரில்தான் எழுதப்படுகின்றன. ஒரே பணத்தில் கூட்டினால் பூஜ்ஜியம்.

இனி அந்த இளைஞரின் வாதத்துக்கு வருகிறேன். சந்தை பெரியது என்பது உண்மைதான். சர்வதேசத் தீர்வு வங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கின்படி 2025 ஏப்ரலில் ஒரு நாளின் வர்த்தகம் சராசரியாக 9.6 லட்சம் கோடி டாலர். 2022-ல் அது 7.5 லட்சம் கோடி. இந்த எண்ணைக் காட்டித்தான் விளம்பரங்கள் இளைஞர்களை இழுக்கின்றன. ஆனால் இது யாரோ பங்கிட்டுக் கொடுக்கக் குவித்துவைத்த பணம் இல்லை. கைமாறியதன் கூட்டுத்தொகை மட்டுமே. ஒரு நிறுவனம் ஐந்து கோடி டாலர் விற்றால், வாங்கிய வங்கி அதில் ஒரு பகுதியை இன்னொரு வங்கிக்குத் தள்ளும், அது மூன்றாவதற்குத் தள்ளும். ஒவ்வொரு தள்ளலும் வர்த்தகமாகக் கணக்கில் ஏறும். அந்த 9.6-ல் சுமார் 4 லட்சம் கோடி, நாணய ஸ்வாப் எனப்படும் குறுகியகாலப் பணப் பரிமாற்றம். இன்று டாலர் கொடுத்து யூரோ வாங்கி, குறித்த தேதியில் குறித்த விலைக்கே திருப்பிக்கொள்வது. அதில் விலை ஊகத்துக்கு ஏறக்குறைய இடமே இல்லை. நிதித்துறைக்கு வெளியே இருந்து, உண்மையான தொழில் தேவையோடு வருபவர்களின் பங்கு 2022 கணக்கில் சுமார் 6 சதவீதம். சந்தை எவ்வளவு பெரியது என்பதற்கும் அதில் சிறியவர் எடுக்கக்கூடிய லாபத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சிறியவருக்கு உண்மையில் எதிரியாக இருப்பது செலவு. பூஜ்ஜியம் என்பதுகூட அவருக்குக் கிடைக்காத சலுகை. யூரோ-டாலரில் ஒரு முழு லாட் ஒரு லட்சம் யூரோ. விலை நான்காவது தசம இடத்தில் ஒன்று நகர்ந்தால் 10 டாலர். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே அந்த ஒரு புள்ளிதான் ஸ்ப்ரெட் என்று, மிகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1,000 டாலர் முதல் போட்டு, தரகு நிறுவனம் தரும் நூறு மடங்குக்கும் மேலான கடன்வசதியோடு ஒரு லாட் எடுப்பவர், ஒவ்வொரு முறை உள்ளே போய் வெளியே வரும்போதும் 10 டாலர் கொடுக்கிறார். அது அவர் போட்ட முதலில் 1 சதவீதம். நாளுக்கு ஐந்து முறை, மாதத்தில் இருபது நாள். நூறு முறை. 1,000 டாலர். விலை எங்கும் போகாமல் அப்படியே நின்றாலும், அவருடைய முதல் முழுவதும் ஒரு மாதத்தில் ஸ்ப்ரெட்டாகவே போய்விடும். மனமகிழ் மன்றத்துச் சீட்டாட்டத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மன்றம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். ஆடுபவர்கள் சமமான திறமைசாலிகள் என்றால், விடிய விடிய ஆடினால் எல்லாருடைய பையும் இளைத்திருக்கும், மன்றத்தின் உண்டியல் நிறைந்திருக்கும். அதுதான் இங்கும் நடக்கிறது, வேகம்தான் அதிகம்.

நூறு மடங்குக் கடன்வசதி என்பது சில இடங்களில் சட்டப்படியே கிடையாது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். முக்கிய நாணயங்களுக்கு அமெரிக்காவில் உச்சவரம்பு 50 மடங்கு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 30, ஜப்பானில் 25. தங்கள் மக்கள் தோற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு வைத்த வரம்புகள் இவை. ஐரோப்பியக் கண்காணிப்பு அமைப்பு 2018-ல் இந்த வரம்பைக் கொண்டுவந்தபோது, இவ்வகைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டத்தில் இருப்பதாகச் சொன்னது. பிரான்ஸின் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு ஆண்டுகளில் நஷ்டப்பட்டவர்கள் 89 சதவீதம். சராசரி நஷ்டம் ஏறத்தாழ 10,900 யூரோ. நீண்டகாலம் வர்த்தகம் செய்தவர்கள் தேறினார்களா என்று பார்த்தால், அப்படியும் இல்லை. போகப்போகக் கற்றுக்கொள்வேன் என்று சொல்லும் இளைஞர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

தோற்பவரின் பணம் யாரிடம் போகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே துல்லியமான படம் ஒன்று கிடைத்திருக்கிறது. நாணயத்தில் இல்லை, பங்கு ஃப்யூச்சர்ஸ்-ஆப்ஷன்ஸில். ஆனால் ஒப்பந்தத்தின் தன்மை ஒன்றுதான். பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2023-24 நிதியாண்டில் செலவுகளுக்கு முன்பான கணக்கில், சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களுக்கு லாபம் சுமார் 33,000 கோடி ரூபாய். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்குச் சுமார் 28,000 கோடி. தனிநபர்களும் மற்றவர்களும் இழந்தது 61,000 கோடிக்கு மேல். கூட்டிப் பாருங்கள். பூஜ்ஜியக் கூட்டுத்தொகை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் காட்ட முடியாது. இதற்கு மேல் அந்த ஆண்டு ஒவ்வொரு தனிநபரும் தரகு, வரி, கட்டணம் என்று சராசரியாக 26,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். ஜெயித்த நிறுவனங்களின் லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி நிரல்கள் வழியாக வந்தது. கோயம்புத்தூரில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எதிர்ப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

அவருடைய செயலியில் எதிர்ப்பக்கம் இன்னும் அருகில்கூட இருக்கலாம். சிறு வாடிக்கையாளருக்கான பல வெளிநாட்டுத் தரகு நிறுவனங்கள் உங்கள் ஆர்டரைச் சந்தைக்கு அனுப்புவதே இல்லை. எதிர்ப்பக்கத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் இழப்பது நேரடியாக அவர்களுடைய வருமானம். சந்தைக்கே அனுப்புகிறோம் என்று சொல்பவர்களையும் அப்படியே நம்ப முடியாது. எஃப்எக்ஸ்சிஎம் என்ற பெரிய தரகு நிறுவனம், வாடிக்கையாளருடன் தனக்கு முரண்பட்ட நலன் எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே, தன்னோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்தை எதிர்ப்பக்கத்தில் வைத்திருந்தது. 2017 பிப்ரவரியில் அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பு 70 லட்சம் டாலர் அபராதம் விதித்து அதை அந்நாட்டுச் சந்தையிலிருந்தே வெளியேற்றியது.

அதே நிறுவனம் 2015 ஜனவரி 15 அன்று ஏறக்குறைய மூழ்கியிருந்தது. ஒரு யூரோ 1.20 ஃபிராங்க்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று 2011 செப்டம்பரிலிருந்து உறுதி சொல்லிவந்த சுவிஸ் தேசிய வங்கி, அன்று காலை முன்னறிவிப்பின்றி அதைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்க்குக்கும் கீழே போனது. நிறுத்த விலை (நஷ்டம் இந்த அளவைத் தொட்டால் விற்று வெளியேறு என்ற முன்கட்டளை) போட்டு வைத்தவர்களுக்கும் அந்த விலை கிடைக்கவில்லை, ஏனென்றால் நடுவில் வாங்க யாருமே இல்லை. எஃப்எக்ஸ்சிஎம் வாடிக்கையாளர்கள் போட்ட முதல் முழுவதையும் இழந்ததோடு, அதற்கு மேல் சுமார் 22.5 கோடி டாலர் பாக்கியும் வைத்தார்கள். நிறுவனம் 30 கோடி டாலர் கடன் வாங்கிப் பிழைத்தது. அல்பாரி என்ற இன்னொரு தரகு நிறுவனத்தின் பிரிட்டன் கிளை திவாலானது. ஒருவரின் லாபம் இன்னொருவரின் நஷ்டம் என்ற கணக்கு அன்றும் ஒரு காசு பிசகவில்லை. தோற்றவரால் கொடுக்க முடியாததைத் தரகு நிறுவனம் கொடுக்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

வட்டி வித்தியாசம் கிடைக்கிறதே என்றும் அவர் சொல்லக்கூடும். குறைந்த வட்டி நாணயத்தை விற்று, அதிக வட்டி நாணயத்தை வைத்திருந்தால் தினமும் கணக்கில் சிறிது ஏறும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரிடமிருந்து அதே அளவு இறங்கும், இடையில் தரகு நிறுவனம் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும். யென் கடன் வாங்கி இப்படிச் சம்பாதித்தவர்கள் பல ஆண்டுகள் நன்றாகவே சம்பாதித்தார்கள். 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் வங்கி வட்டியை 0.25 சதவீதம் ஆக்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் யென் கடனை அடைத்து வெளியேற முட்டிமோத, ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவின் நிக்கெய் குறியீடு ஒரே நாளில் 12.4 சதவீதம் விழுந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வட்டி சில நாட்களில் போனது. ஆபத்தைச் சுமந்ததற்கான கூலி அது. மூன்று மாதம் நஷ்டத்தைத் தாங்கும் முதல் இருப்பவருக்கு மட்டுமே அந்தக் கூலி நிலைக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் பயன்படுத்துவது வெளிநாட்டுச் செயலி போலத் தெரிகிறது. இந்தியாவில் வசிக்கும் ஒருவர், ரிசர்வ் வங்கி அனுமதித்த தளங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளிலும் மட்டுமே, அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்காக மட்டுமே அந்நியச் செலாவணி வர்த்தகம் செய்யலாம். வெளிநாட்டுக்கு மார்ஜின் பணம் (வர்த்தகத்துக்கான ஈட்டுத்தொகை) அனுப்புவதற்கு அனுமதி இல்லை. ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அவர் மீதே நடவடிக்கை வரலாம். உள்நாட்டுச் சந்தையின் ரூபாய் ஒப்பந்தங்களில்கூட, உண்மையான நாணயத் தேவை உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்பதை ரிசர்வ் வங்கி 2024 ஜனவரிச் சுற்றறிக்கையில் அழுத்திச் சொன்னது. 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்ட வேண்டியதில்லை, ஆனால் தேவை இருந்தாக வேண்டும். அந்த ஆண்டு மே 3-ல் அது நடைமுறைக்கு வந்ததும் அந்தப் பிரிவின் வர்த்தகம் பெருமளவு சுருங்கிவிட்டது. தேவையோடு வருபவருக்குத்தான் இந்தச் சந்தை என்ற கருத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஊக வணிகர்கள் இல்லாவிட்டால் வாங்க-விற்க ஆள் குறைந்து ஏற்றுமதியாளருக்கும் ஸ்ப்ரெட் கூடும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சேவையைச் செய்வதற்கு வங்கிகள் இருக்கின்றன. வேலையை விட்ட இளைஞர்களின் சேமிப்பைக் கொண்டு அதைச் செய்ய வேண்டியதில்லை.

அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது, அவ்வப்போது பெயர்களைச் சேர்த்தும் வருகிறது. அவருடைய செயலியின் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பட்டியலில் இல்லாததால் மட்டும் ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது என்பதையும் மனத்தில் வையுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலும் அங்கேயே தனியாக இருக்கிறது. அவர் இதுவரை பணம் அனுப்பியது யாருடைய வங்கிக் கணக்குக்கு என்று கேளுங்கள். முன்பின் தெரியாத தனிநபர் கணக்குக்கோ ஏதோ ஒரு கடையின் யுபிஐ எண்ணுக்கோ போயிருந்தால், அந்தப் பணம் சந்தையைப் போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகம். கணக்கில் இன்னும் மீதி இருந்தால், புதிதாக ஒரு வர்த்தகம்கூடச் செய்யாமல் முழுவதையும் திரும்ப எடுக்க விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். எடுப்பதற்கு முதலில் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று மேலும் பணம் கேட்டால் ஒரு பைசா அனுப்பாமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.